சங்குமேட்டில் விழுந்த அமெரிக்க வீட்டின் நிழல்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சங்குமேட்டு உப்பளத்தில் நூற்றுச் சொச்சம் பேர் ஒரே மூச்சில் சிரித்த சிரிப்பு, ஆனால் அது இப்போது கிடையாது. அதற்கு முன்னால் ஒரு வீடு வர வேண்டும், வீட்டுக்குள் ஒரு அம்மா வர வேண்டும், அம்மாவுக்கு ஒரு குரல் வர வேண்டும், அந்தக் குரலைக் கேட்டு ஒரு மனிதர் ஏமாற வேண்டும், ஏமாந்தவர் தலையைச் சீவிக்கொண்டு வந்து மேலும் ஏமாற வேண்டும். அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள். பதினாறு வயது ஜெபக்கனியே மூன்று மாதம் பொத்திக்கொண்டு இருந்தாள்.

சங்குமேட்டில் மரம் கிடையாது. மண்ணே உப்பாகக் கிடக்கிற ஊரில் வேம்பு வைத்தால் வேம்பு சாகும், புங்கை வைத்தால் புங்கை சாகும், பள்ளிக்கூடத்து மரம் நடு விழாவில் நட்ட கன்றுகள் அத்தனையும் விழாப் பந்தலைப் பிரிப்பதற்குள் தலை சாய்ந்தன. ஊரில் நிழல் என்று சொல்லிக்கொள்ள உப்பைச் சேர்த்துவைக்கிற கிட்டங்கியின் நிழல் ஒன்று, மோட்டார் அறையின் நிழல் ஒன்று, நின்றுகொண்டிருக்கிற லாரியின் நிழல் ஒன்று, அது லாரி கிளம்பினால் கூடவே கிளம்பிப் போய்விடும். மேலே வெயில், கீழே உப்பு. மேலே இருந்து ஒரு தரம் அடிக்கிற வெளிச்சம் கீழே பட்டுத் திரும்பி இன்னொரு தரம் அடிக்கும். சங்குமேட்டுக்காரர்கள் கண்ணைச் சுருக்கியே பிறக்கிறார்கள் என்று வெளியூரில் பேச்சு.

ஜெபக்கனியின் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள், வெள்ளிக்கிழமை ஆறு நிமிஷம் போனில் வருவாள். அப்பா உப்பு லாரியைப் பாலக்காட்டுக்கு ஓட்டிப் போய், வாரத்தில் ஒரு நாள் வந்து, குளித்து, தூங்கி, போய்விடுவார். மிச்ச நேரமெல்லாம் வீட்டில் ஜெபக்கனி மட்டும். வீடு காலியாக இருக்கிறதே என்று பத்து வயதில் அம்மாவின் குரலைச் செய்து பார்த்தாள், "ஜெபா, சாப்ட்டியாட்டி" என்று தானே கேட்டு, "சாப்ட்டேம்மா" என்று தானே சொன்னாள், சரியாக வந்தது. பிறகு அப்பாவின் இருமல், பிறகு பக்கத்து வீட்டு மிக்சி, பங்குச் சாமியாரின் பிரசங்கம், ஐந்தரை மணி பஸ்ஸின் ஹாரன், கங்காணி எஸ்தர் வெற்றிலையைத் துப்புவதற்கு முன்னால் தொண்டையைச் செருமும் செருமல் என்று ஊரையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். எஸ்தரின் குரலில் "ஏட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போங்க" என்று வரப்புக்குப் பின்னால் குனிந்து சொல்லி, பத்தரை மணிக்கே நாற்பது பெண்களைத் தூக்குவாளியைத் திறக்க வைத்திருக்கிறாள். சாமியாரின் குரலில் கோவில் வேலை பார்க்கிற உபதேசியாரைக் கூப்பிட்டு, கோவில் மணியை மூன்று தரம் அடிக்க வைத்திருக்கிறாள். ஊரில் யாருக்கும் ஜெபக்கனியின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் நிச்சயமில்லை.

இனி ஏமாறப்போகிறவர். பெயர் இன்னாசி, வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. பாத்தியில் நிற்கிற உப்புத் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அது எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்த்து, இன்றைக்கு உப்பு விழும், நாளைக்கு வாரலாம் என்று சொல்வது அவர் வேலை. காலையில் குழாயோடு பேசாமல் நடப்பார், மாலையில் குழாயோடு பேசாமல் திரும்புவார். வாயைத் திறப்பது மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்தான். அன்றைக்குப் பூசை முடிந்து, சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் கிட்டங்கிக் கதவுகளைச் சாத்தி, காற்றோட்டத் துவாரங்களைத் தார்ப்பாயால் அடைத்து, பங்குக் கோவிலின் பழைய புரொஜெக்டரில் வெளிநாட்டுப் படம் போடுவார். சங்குமேடு நல்ல திரைப்படச் சங்கம் என்று ஒரு தகர போர்டு உண்டு, அதன் தலைவர், செயலாளர், நாற்காலி போடுகிறவர் எல்லாம் அவர்தான். படத்தின் ஓரத்தில் மைக்கோடு நின்று, இங்கிலீஷில் அவர்கள் பேசப் பேசத் தமிழில் இவர் சொல்லிக்கொண்டு வருவார். ஜனங்கள் படத்துக்காக வந்தார்களோ இல்லையோ, இருட்டுக்காக வந்தார்கள்.

அந்த வருஷத் தை மாத ஞாயிற்றுக்கிழமை போட்டது ஒரு அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை, தலைப்பு இருந்த துண்டு அறுந்துபோன பழைய பிரதி. சதுப்பு நிலத்தின் நடுவே மரத்தால் கட்டிய ஒரு பெரிய மாளிகை, கூரை கூம்பு கூம்பாக, ஜன்னல்கள் ஒல்லியாக. அதில் ஆகஸ்டா என்று ஒரு அம்மா தனியாக இருக்கிறாள், கழுத்து வரை பொத்தான் போட்ட உடுப்பு. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன் ஒருவன் மழையில் நனைந்து வந்து தங்க இடம் கேட்கிறான், சிரித்த முகம், அந்தச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்குவதே இல்லை. இதற்கு முன் அந்த வீட்டில் தங்கிய இரண்டு பேர் திரும்பிப் போனதை யாரும் பார்க்கவில்லை. பயப்பட வேண்டியது அவனைப் பார்த்தா அவளைப் பார்த்தா என்று படம் கடைசி வரை சொல்லாது.

"இம்புட்டுப் பெரிய வீட்ட ஒத்தையில பெருக்கித் தொடைக்கணும்னா கிறுக்குப் பிடிக்கத்தான் செய்யும்" என்றாள் எஸ்தர்.

"பேசாம இரிங்க" என்றார் இன்னாசி மைக்கில். "இப்பத்தான் வருது. படிக்கட்ட மட்டும் பாருங்க."

அவள் மாடி ஜன்னல் ஓரம் நிற்கிறாள். அவன் படியேறுகிறான். ஒரு படி, இன்னொரு படி, கைப்பிடியில் ஊர்கிற கை, கதவுக் குமிழ், குமிழ் திரும்புகிறது. அதோடு மூன்றாவது பெட்டியில் இருந்த படச்சுருள் முடிந்தது. நான்காவது பெட்டியைத் திறந்தால் உள்ளே ஏதோ உர விளம்பரம் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஜனங்கள் வெளியே வந்தார்கள். வெளியே, கிட்டங்கிக்கு மேற்கே இருந்த வெற்றுப் பொட்டலில், அந்த வீட்டின் நிழல் விழுந்திருந்தது.

வீடு இல்லை, நிழல் மட்டும். கூம்புக் கூரையும் ஒல்லி ஜன்னல்களும் புகைக்கூண்டும் தரையில் நீளமாகப் படுத்து, கிட்டங்கிச் சுவர் வரை வந்து, சுவரில் ஏறி நிமிர்ந்து நின்றன. மாடி ஜன்னலில் கழுத்து வரை பொத்தான் போட்ட ஒரு பெண்ணின் நிழல். கொஞ்ச நேரம் எல்லாரும் பார்த்தார்கள். பிறகு எஸ்தர் போய், வாசல்படி இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, நிழலுக்குள் உட்கார்ந்து, காலை நீட்டி, வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். "குளுகுளுன்னு இருக்கு, வாங்க" என்றாள். அவ்வளவுதான், சங்குமேடு அந்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

மறுநாளிலிருந்து எந்த வீட்டு நிழலையும்போல அது காலையில் மேற்கே விழுந்தது, உச்சியில் சுருங்கியது, சாயங்காலம் கிழக்கே நீண்டது. பெண்கள் காலையில் நிழலின் மேற்குக் கோடியில் கம்பு ஊன்றிப் பிள்ளைகளுக்குத் தூளி கட்டினார்கள், மதியம் இடம் மாறினார்கள், சாயங்காலம் வரவேற்பறையில் மூட்டை தைத்தார்கள். வரவேற்பறை எது, சமையலறை எது என்று படம் பார்த்த ஞாபகத்தில் குச்சியால் கோடு போட்டுப் பிரித்தும் ஆயிற்று. "ஏல, பியானோ மேல எச்சித் தட்டு வைக்காத" என்று பையன்களை அதட்டுகிற அளவுக்குப் போயிற்று. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு, "நிழலுக்கு ஞானஸ்நானம் கிடையாது, ஆனால் தடையும் கிடையாது" என்று அறிவித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மோர் குடித்தார். உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் சுப்பையா, முகவாயைத் தூக்கி, மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதுபோல, "தோழர்களே, மேப்பாத்திக்காரனுக்கு முக்கால் மணி, கீழ்ப்பாத்திக்காரனுக்குக் கால் மணி என்றால் இது என்ன நியாயம்" என்று முழங்கி, முறை வைத்து நிழலில் உட்காரும் அட்டவணை ஒன்றை வாங்கித் தந்தார். கரண்ட் ஆபீஸ்காரர் வந்து மீட்டர் எங்கே என்று நிழலைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். நிழலில் கட்டிய ஆடுகள் கொழுத்தன. வெளியூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டுவந்த ஒருவன் மாமனாரிடம், ஊரில் மாடி வீட்டு நிழல் உண்டு என்று சொன்னான், அது பொய்யும் இல்லை.

ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. படம் முடியவில்லை, அதனால் வீடு போகவில்லை, அதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது.

மாடி ஜன்னலில் நின்ற அம்மாவை மட்டும் யாரும் அதிகம் கவனிக்கவில்லை. நாலு மணி வாக்கில் அவள் கிட்டங்கிச் சுவரின் உச்சிக்கு ஏறி வருவாள், அரை மணி நேரம் அங்கே நிற்பாள், சில நாள் கையைத் தூக்கித் திரைச்சீலையைத் தொடுவாள், பிறகு சுவரைத் தாண்டிப் போய்விடுவாள். அந்த அரை மணி நேரமும் ஒருவர் மட்டும் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்தபடி, மற்றவர்கள் மூட்டை தைக்கிற இடத்திலிருந்து தள்ளி, வெயில் படுகிற ஓரத்தில் நின்று, அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபக்கனி அதைப் பார்த்தாள்.

கிட்டங்கிக்கு உள்ளே தார்ப்பாய்ச் சுருள்களை அடுக்கிவைக்கிற பரண் ஒன்று உண்டு. பரணில் மேற்குச் சுவரில் ஆள் தலை நுழைகிற அளவில் சதுரமாக ஒரு காற்றோட்டத் துவாரம், கிழக்குச் சுவரில் இன்னொன்று. நாலு மணிக்கு மாடி ஜன்னல் வந்து நிற்பது மேற்குத் துவாரத்தின் மேல்தான், நிழலோடு நிழலாக அந்த ஓட்டை கீழிருந்து தெரியாது. இதற்குமேல் ஜெபக்கனிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பரணில் ஏறிக் குப்புறப் படுத்து, வாயைத் துவாரத்தில் வைத்தாள். வெள்ளைக்கார அம்மா எப்படித் தமிழ் பேசுவாள் என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்தாள். கோவில் புத்தகங்களில் வெள்ளைக்காரர்கள் பேசுகிற தமிழ்தான் சரி என்று முடிவுசெய்தாள்.

"அங்கே வெயிலில் நிற்கிற மனுஷனே, நீ யார்?"

இன்னாசி பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. மேலே பார்த்தார். கண்ணாடிக் குழாயை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நான் இன்னாசிம்மா. டிகிரி பாக்கிறவன்."

"அறிவேன். தினந்தோறும் வந்து என்னை நோக்கிப் பார்க்கிறாயே, காரியம் என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க நிக்கிய. யாராவது ஒருத்தர் பாக்கணும்லா."

ஜெபக்கனி தார்ப்பாயின் முனையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர, பரண் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நீங்கள் காத்திருக்கிற சிரிப்பு இல்லை, அது வெளியே வராத சிரிப்பு, கணக்கில் சேராது.

மறுநாள் அவர் சவரம் செய்துகொண்டு வந்தார். மூன்றாம் நாள் தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். எஸ்தர் பார்த்துவிட்டு, "டிகிரி அண்ணாச்சிக்கு டிகிரி ஏறிட்டு" என்றாள், பெண்கள் மூட்டை ஊசியைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜன்னல் அம்மா பேசுவதைக் காதில் வாங்கிய அவர்களும் திடுக்கிடவில்லை. தனியாக நிற்கிற பொம்பளை, தனியாக நிற்கிற ஆம்பளை, பேசத்தானே செய்வார்கள் என்று, அந்த அரை மணி நேரம் சமையலறைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அவர் என்ன பேசினார் என்று நினைக்கிறீர்கள்? காதல் வசனம் எதிர்பார்த்துத்தான் ஜெபக்கனியும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள், வீட்டுக்குப் போய் அந்தக் குரலில் சொல்லிப் பார்க்கலாம் என்று. அவரோ படத்தைப் பற்றிப் பேசினார்.

"அம்மா, அந்தப் படிக்கட்டுக் காட்சி. அவன் ஏறி வாரான், நீங்க திரும்பியே பாக்கல. திரும்பிப் பாத்திருந்தா எங்களுக்குப் பயம் வெளிய போயிருக்கும். கழுத்த மட்டும் லேசாச் சாச்சிய, அம்புட்டுத்தான். வேற படம்னா கத்தியக் காட்டுவான், ரத்தத்தக் காட்டுவான். இதுல காட்டுனது ஒரு கதவுக் குமிழு. ஒரு குமிழு திரும்புறதுக்குள்ள எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு."

"மெய்யாகவா?" என்றாள் ஆகஸ்டா.

"மெய்தாம்மா. அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேசை. ஒத்தையில இருக்க பொம்பளை ரெண்டு தட்டு வைக்கிய. அவன் வாரதுக்கு முன்னாடியே வைக்கிய. சனம் அத விட்டுட்டு, வார ஆளுக்கு நஞ்சு வச்சிருப்பான்னு பேசுனாவ. நான் மைக்க மூடிட்டு அழுதேன்."

ஜெபக்கனிக்குச் சிரிப்பதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

"ஏன் அழுதாய்?"

"எங்க வீட்ல ரெண்டு நாக்காலி கெடக்கும்மா. ஒண்ணுல உக்காந்தா இன்னொண்ணு நம்மளயே பாத்துக்கிட்டு இருக்கு. அதனால நின்னுக்கிட்டே சாப்ட்டுப் பழகிட்டேன். நீங்க உக்காந்து சாப்ட்டிய. அந்தத் தைரியம் எனக்கு இல்ல."

அன்றைக்கு நிழல் சுவரைத் தாண்டிப் போன பிறகும் ஜெபக்கனி பரணிலிருந்து இறங்கவில்லை. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து, வழக்கம்போல அம்மாவின் குரலில் "சாப்ட்டியாட்டி" என்று கேட்கப் போனவள், ஆகஸ்டாவின் குரலில், "ஜெபக்கனியே, நீ உட்கார்ந்து சாப்பிடு" என்றாள். உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. விளையாட்டு எங்கே முடிந்து வேறென்னவோ எங்கே தொடங்கியது என்று அவளுக்கே பிடிபடவில்லை. நாலு மணி ஆனால் கால் தானாகப் பரணுக்குப் போயிற்று. அவர் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னார், இருட்டில் முகத்தின் பாதியை மட்டும் காட்டினால் மீதிப் பாதியை நாம் நம்முடையதிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்கிறோம் என்று சொன்னார். உப்பளத்தில் எல்லாம் வெளிச்சம், ஒளிந்துகொள்ள இடமில்லை, அதனால்தான் இருட்டான படங்கள் தனக்குப் பிடிக்கும் என்று சொன்னார். அவள் "சொல்லு" என்றாள், "பின்பு?" என்றாள். யாரும் யாரையும் இப்படி உட்கார்ந்து பார்த்து, கழுத்துச் சாய்வு முதற்கொண்டு ஞாபகம் வைத்து, நல்லதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. சொல்லப்படுவது அவளுக்கு இல்லை, ஜன்னல் அம்மாவுக்கு. ஆனால் கேட்கிற காது அவளுடையது. அவருக்குத் தெரிந்துவிட்டால் இது நின்றுபோகும். அதை நினைத்தால் காதுக்குள் அப்பாவின் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. அதையும் அவளால் வாயால் செய்து காட்ட முடியும்.

அப்போதுதான் நான்காவது பெட்டி வந்தது.

இன்னாசி தை மாதத்திலிருந்தே சென்னைக்கும் புனேக்கும் கல்கத்தாவுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. சித்திரையில் ஒரு நாள் துருப்பிடித்த தகரப் பெட்டி பார்சலில் வந்து இறங்கியது, உள்ளே அதே படம், அதே கதவுக் குமிழ், அதற்கு அப்புறம் மிச்சம். சேதி பரவியதும் ஊர் நிழலில் கூடியது.

"அவன் கதவத் தொறந்து என்ன செய்வான்னு எனக்குத் தெரிய வேண்டாம்" என்றாள் எஸ்தர். "படம் முடிஞ்சா வீடு போயிரும். எனக்கு நெழலு வேணும்."

"தோழர்களே, முடிவு தெரியாமல் வாழ்வது நமக்கு என்ன புதுசா?" என்றார் சுப்பையா.

"அது என் படம் இல்ல" என்றார் இன்னாசி மெதுவாக. "அந்தம்மா படம். அவங்கள்ட்ட கேப்போம்." ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. கலைந்து போனார்கள்.

அன்று நாலு மணிக்கு அவர் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"அம்மா, நீங்க மூணு மாசமாக் கதவப் பாத்து நிக்கிய. அவன் நல்லவனோ கெட்டவனோ, ஒரு முடிவு தெரிஞ்சாத்தான் ஒங்களுக்கு உக்கார முடியும். எனக்கு அது புரியுது. ஆனா படம் ஓடி முடிஞ்சா நீங்க போயிருவிய." பெட்டியின் துருவைக் கட்டை விரலால் தேய்த்தார். "நீங்க போடச் சொன்னா ஞாயித்துக்கிழமை போடுதேன். வேண்டாம்னு சொன்னா, இதக் கடல்ல எறிஞ்சிட்டு, நாளைக்கும் இதே எடத்துல வந்து நிக்கேன். சாவுற வரைக்கும் நிக்கச் சொன்னாலும் நிக்கேன்."

பரணில் ஜெபக்கனி வாயைத் துவாரத்தை விட்டு எடுத்தாள், மறுபடி வைத்தாள். "மூன்று நாள் பொறுத்திரு" என்றாள், கோவில் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று நாள்தான்.

அந்த மூன்று நாளும் ஆகஸ்டாவின் குரலில் இரண்டு பதிலையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வேண்டாம் என்றால், இவர் ஒரு சுவரைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டே கிழவராகிவிடுவார், அவள் படிக்கப் போய்விட்டால் சுவர் ஊமையாகிவிடும், அப்போதும் நிற்பார். போடு என்றால், வீடு போகும், ஜன்னல் போகும், நாலு மணி போகும், பழையபடி அவர் நின்றுகொண்டு சாப்பிடுவார், அவள் மிக்சி சத்தத்தோடு பேசுவாள். இரண்டு பதிலும் அந்தக் குரலில் அருமையாகத்தான் வந்தன. எது வர வேண்டும் என்பது மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள். அந்த வருஷத்தின் நல்ல உப்பு அன்றைக்கு விழுந்திருந்தது, இன்னாசியின் குழாய் சொன்னபடி, மல்லிகை மொட்டுப்போல. காலையில் வாரி, வரப்பு நெடுகச் சின்னச் சின்னக் குவியலாக ஈரத்தோடு விட்டிருந்தார்கள், அம்பாரமாகக் கூட்டி மூடுவது சாயங்கால வேலை. ஜனங்களெல்லாம் நிழலில் மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், மேற்கே வெயில் கண்ணைப் பறித்தது. பரணில் ஜெபக்கனி பதிலே இல்லாமல் புரண்டு, கிழக்குத் துவாரத்தின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

கடலுக்கு மேலே மேகம், கறுப்பாக, தாழ்வாக, ஓடி வருகிற வேகத்தில். கிட்டங்கி மறைப்பதால் கீழே இருக்கிற ஒருவருக்கும் அது தெரியாது. அந்த வரப்புக் குவியல்கள் கால் மணி நேர மழைக்குத் தாங்காது, மூன்று வார உழைப்பு தண்ணீராகி மறுபடி கடலுக்கே போய்விடும்.

மேற்குத் துவாரத்துக்குத் தாவினாள். கீழே அவர் தலை சீவி நின்றார். அவள் வாயைத் திறந்தாள். ஆகஸ்டா வரவில்லை, எஸ்தர் வரவில்லை, சாமியார் வரவில்லை.

"மேகம் ஏறிட்டு. ஏய், கெழக்கால மேகம் ஏறிட்டு. எந்திரிங்க, உப்பக் கூட்டுங்க, ஓடுங்க."

மாடி ஜன்னலிலிருந்து, அமெரிக்க மாளிகையிலிருந்து, கழுத்து வரை பொத்தான் போட்ட அம்மா, சங்குமேட்டுப் பேச்சில் சங்குமேட்டுக் கத்தல் கத்தினாள். நூற்றுச் சொச்சம் பேர் வாருபலகையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். எஸ்தர் கிட்டங்கி மூலை வரை ஓடி, கிழக்கே எட்டிப் பார்த்து, திரும்பி ஜன்னலைப் பார்த்து, "ஏட்டி வெள்ளக்காரி, மூணு மாசம் எங்க நெழல்ல கெடந்ததுல ஒனக்கும் வாய் நல்லா வந்துட்டு" என்றாள். அப்போது வந்தது அந்தச் சிரிப்பு. ஓடிக்கொண்டே சிரித்தார்கள், குவியலை இழுத்துக்கொண்டே சிரித்தார்கள், உப்பில் வழுக்கி உட்கார்ந்து சிரித்தார்கள், சுப்பையா தோழர்களே என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் சிரித்தார், சிரிக்க நேரமில்லாத நேரத்தில் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பரணில் இருந்தாள்.

மற்றவர் சுவரடிக்கு ஓடி வந்து அண்ணாந்தார். "தார்ப்பாய்லாம் உள்ள பரண்ல கெடக்கே" என்றார் தனக்குள். சொல்லி முடிப்பதற்குள் ஜன்னலிலிருந்து ஒரு சுருள் வந்து காலடியில் விழுந்தது.

"பிடிங்க" என்றது ஜன்னல்.

"நல்லதும்மா" என்று அவர் சுருளைத் தோளில் போட்டு ஓடினார், ஒரு அம்பாரத்தை மூடினார், திரும்பி ஓடி வந்தார். இரண்டாவது சுருள் விழுந்தது. மேகம் வெயிலை மூடியது. வெயில் போனதும் எந்த நிழலையும்போல வீட்டின் நிழலும் போயிற்று, கூரை, புகைக்கூண்டு, பொத்தான் கழுத்து எல்லாம் சுவரிலிருந்து அழிந்தன. சுவரில் ஒரு சதுர ஓட்டை மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, அவர் கண்ணெல்லாம் தார்ப்பாயில் இருந்தது. மூன்றாவது சுருளைத் தலையில் வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க, மேலே பார்க்காமலே கேட்டார்:

"அம்மா, மூணு நாள் ஆயிட்டு. படத்த என்ன செய்ய?"

யோசித்திருந்தால் அவள் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள்.

"போடுங்க மாமா. முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போவுது. ஞாயித்துக்கிழமை நான் பக்கத்துல உக்காந்து பாக்கேன். இப்ப ஓடுங்க."

"சரிம்மா" என்று அவர் ஓடினார். பத்து எட்டு ஓடினார். இருபது எட்டு ஓடினார். முதல் துளிகள் தலைமேலிருந்த தார்ப்பாயில் பட்பட்டென்று விழுந்தன. எதிரே எஸ்தர் "இங்க கொண்டாங்க அண்ணாச்சி, இங்க" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஓட்டம் நடையாயிற்று, நடை நின்றது. படத்துக்குள்ளே இருக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் படம் பார்ப்பாள்?

தார்ப்பாயோடு மெதுவாகத் திரும்பினார். வெறும் சுவர். சதுர ஓட்டை. அதில் இரட்டைச் சடை போட்ட ஒரு முகம், திறந்த வாய் மூடாமல்.

"பக்கத்துலயா?" என்றார் இன்னாசி.